அடுப்பை அணைக்கச் சொல்லும் பதவி

1

அயோவாவில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் சோளக்காடு தொடங்கிவிடும். காரை எடுத்துக்கொண்டு எந்தத் திசையில் ஒரு மணி நேரம் போனாலும் இரண்டு பக்கமும் சோளம்தான். இவ்வளவு சோளத்துக்கு நடுவே குடியிருந்துகொண்டு, சிட்லபாக்கத்தில் ஒரு குக்கரில் பொரிகிற ஒரு கைப்பிடிச் சோளத்தைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். அமெரிக்காவில் இருப்பவளுக்குப் பொறாமை ஒரு கேடா என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். நன்றாகக் கேளுங்கள். நானும் ஒரு வருடமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மகள் தாரிணி சென்னைக்குப் போய் இந்த வாரத்தோடு ஓர் ஆண்டு ஆகிறது. ஆறு மாதம் என்று சொல்லிப் போனவள். படிப்பு முடிந்த கையோடு, ஏரித் தண்ணீரை எடுத்துச் சோதிக்கிற ஒரு சின்ன அமைப்பில் பயிற்சி கிடைத்தது. தங்கியிருப்பது என் தங்கை உமாவின் வீட்டில். அதாவது, நானும் உமாவும் பிறந்து வளர்ந்த அதே வீட்டில், சிட்லபாக்கம் ஏரிக்கு மூன்று தெரு தள்ளி. உமாவின் கணவர் சேகர் வங்கியில் வேலை செய்கிறார். அவர்களுடைய ஒரே பையன் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனதில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அந்த அறையில் என் பெண் குடியேறினாள்.

ஏற்பாடு செய்ததெல்லாம் நான்தான். அதுதான் இன்னும் எரிகிறது. இந்தியாவில் எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்குவதற்கு ஓசிஐ அட்டை வேண்டும். அவளுக்கு அந்த அட்டையை வாங்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். முதல் தடவை புகைப்படத்தின் பின்னணி சரியில்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை கையெழுத்து கட்டத்தின் கோட்டைத் தொட்டுவிட்டதாம். மூன்றாம் தடவை, நான் இந்தியக் குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றிதழைக் கேட்டார்கள். அலமாரியைக் குடைந்து தேடி எடுத்து அனுப்பினேன். அவள் அங்கே போக வேண்டுமானால், நான் அந்த ஊரை விட்டுவிட்டேன் என்பதற்கு அத்தாட்சி வேண்டியிருந்தது. அனுப்பும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

2

எங்கள் வீட்டில் ஒரு பாப்கார்ன் பாப்பர் இருந்தது. எண்ணெய் இல்லாமல் வெறும் சூடான காற்றில் பொரிப்பது. தாரிணிக்கு ஆறு வயதாக இருந்தபோது, என் கணவர் பாலுவின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து டாக்டர் புருவத்தைத் தூக்கினார். அந்த வார இறுதியிலேயே வாங்கி வந்தோம். ஹேர் டிரையரை நிமிர்த்தி வைத்து அதன் தலையில் ஒரு மஞ்சள் மூடியைக் கவிழ்த்ததுபோல இருக்கும். மூடியின் உச்சியில் ஒரு குட்டிக் கிண்ணம். அதில் சோளத்தை அளந்து உள்ளே கொட்டிவிட்டு பிளக்கைச் செருகினால் போதும், சுவிட்ச் கூடக் கிடையாது. ஒரே இரைச்சல். மணிகள் உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும். இரண்டு நிமிடத்தில் மூடியின் மூக்கு வழியாக வெள்ளை வெளேரென்று பொரிந்து கொட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை அது எங்கள் இருவருக்குமான சடங்கு. அவள் நாற்காலியில் ஏறி நின்று பாத்திரத்தைப் பிடித்துக்கொள்வாள். முதலில் நாலைந்து மணிகள் பொரியாமலே சுடச்சுடப் பறந்து வரும். "அட்டாக், அம்மா!" என்று கத்திக்கொண்டு பாத்திரத்தைக் கேடயம்போலப் பிடிப்பாள். எண்ணெய் இல்லாததால் உப்பு மட்டும் ஒட்டவே ஒட்டாது. மேலே தூவினால் பாத்திரத்தின் அடிக்குப் போய்விடும். கடைசியில் விரலால் அந்த உப்பைத் தொட்டு நக்குவது அவள் பங்கு.

பதின்மூன்று வயதில் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போக ஆரம்பித்தாள். பதினாறில், "எனக்கு வேண்டாம்மா, உப்பே இருக்காது அதுல" என்றாள், ஆங்கிலத்தில். நான் அப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் பொரித்தேன். பாலு டிவி பார்த்தபடி தின்பார். இந்தப் பெண் இனி இப்படித்தான், இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாமே இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்படியே இருந்திருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

3

போன வருடம், அவள் ஊருக்குப் போன மூன்றாவது மாதம். ஒரு சனிக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மாலை ஆறரை. தாரிணி போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு, "அம்மா, ஒரு நிமிஷம் இரு, கேட்டுக்கினு இருக்கேன்" என்றாள்.

'கேட்டுக்கினு'! என் வீட்டில் "எனக்குப் பசி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். ஏரிக் காவல்காரரிடமிருந்து தொற்றிக்கொண்டதாம்.

பின்னால் எங்கள் பழைய அடுப்படி தெரிந்தது. அடுப்பில் குக்கர். கேஸ்கட்டைக் கழற்றிவிட்டு, வெயிட் போடாமல், மூடியைத் தலைகீழாக மேலே வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சோளம் பொரிப்பது என்றுமே அப்படித்தான். எண்ணெய், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி. தாரிணி மூடிப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தாள். உமா கையை அடுப்புத் திருகின்மேல் வைத்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அணை!"

உமா அணைத்தாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த வீட்டில் அடுப்பை அணைக்கச் சொல்வது என் பதவி. மூத்தவள் என்பதால் அம்மா எனக்குக் கொடுத்தது. படபடவென்று வெடிக்கிற சத்தம் குறைந்துகொண்டே வரும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் ஒன்று, இரண்டு என்று எண்ண முடிந்துவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணிகள் வெடிக்காமல் கிடக்கும்தான். அவற்றுக்கு ஆசைப்பட்டுக் காத்திருந்தால் அடியில் இருப்பதெல்லாம் கருகிவிடும். உமா திருகில் கை வைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் "அணை" என்பேன். என் கல்யாணம் வரைக்கும் அப்படித்தான். நான் இல்லாமல் போனபின் அந்த வீட்டில் யார் கேட்டார்கள், யார் அணைத்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த இடம் எனக்காகக் காலியாகவே இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

தாரிணி ஒரு கை நிறைய அள்ளிப் போனுக்கு நேராகக் காட்டினாள். "பாரும்மா, உப்பு ஒட்டிக்கிச்சு!"

"எவ்வளவு எண்ணெய் தெரியுமா அது?" என்றேன்.

போனை வைத்தேன். என் பெண்ணைத் தங்கை எடுத்துக்கொண்டாள் என்று கோபம். அது புரிகிறது. ஆனால் இன்னொன்றும் இருந்தது. என் தங்கையை என் பெண் எடுத்துக்கொண்டாள் என்றும் எரிந்தது. பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளை ஊரில் என்னவென்று சொல்வார்களோ, அது நான்தான்.

4

ஆறு மாதம் முடிகிற நேரத்தில், "இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமாம்மா? வேலையே தரேங்கறாங்க" என்று தாரிணி கேட்டாள். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு டிக்கெட் போட்டேன். போக ஒன்று. திரும்பி வர இரண்டு. இரண்டாவதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டியில் புடவைகளுக்கு நடுவே பாப்பரை வைத்து எடுத்துப் போனேன். எதற்கு என்று பாலு கேட்டார். "அவளுக்குப் பிடிக்கும்" என்றேன். அவர் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூட உதவி செய்தார்.

நான் படித்தது மின்பொறியியல். அமெரிக்கச் சாமான் நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓடும், நம் ஊரில் இருநூற்று முப்பது என்பது எனக்குத் தெரியாததல்ல. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் தாரிணியோடு போனேன். பழைய மிக்ஸி, மின்விசிறி, ரேடியோ எல்லாம் தார்ப்பாயில் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று கிடைத்தது. முந்நூறு வாட் என்று போட்டிருந்தது.

"இன்னாத்துக்கும்மா? ஷேவிங் மிஷினா?" என்றார்.

"ஒரு சின்ன மெஷின், சோளம் பொரிக்கிறது" என்றேன்.

"சூடாவுற ஐட்டமா? அதுக்கு இது தாங்காதும்மா. பெரிய பொட்டி வோணும். இதுல போட்டீங்கோ, பேஜாராய்டும், சொல்ட்டேன்."

பாப்பர் ஆயிரத்து இருநூறு வாட். கணக்குப் போடத் தெரியாத குழந்தைக்குக்கூட அது தாங்காது என்று தெரியும். இரண்டு நிமிடம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று வாங்கிக்கொண்டேன். மற்ற நாளில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் அவரைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம். இருபத்திரண்டு வருடம் நான் நடந்த ஊர். வழி சொல்கிறேன் என்று ஆரம்பித்து, இப்போது இல்லாத ஒரு லெவல் கிராசிங்கைச் சொன்னேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"மேடம் எந்த ஊரு?"

"அம்மா வெளியூருண்ணா" என்றாள் தாரிணி. "நீங்க நேராப் போங்க, நான் சொல்றேன்."

அவள் கிண்டலுக்குக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

5

அன்றே மாலை உமாவின் அடுப்படி மேடையில் பாப்பரை வைத்தேன். உமா, சேகர், தாரிணி மூவரும் சுற்றி நின்றார்கள். குட்டிக் கிண்ணத்தில் அளந்து கொட்டினேன். பாத்திரத்தைத் தாரிணியின் கையில் கொடுத்தேன். அவளும் பழைய ஞாபகத்தில் அதைக் கேடயம்போலப் பிடித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிளக்கைச் செருகினேன்.

அரை நிமிடம் இரைந்தது. நாலு மணி பறந்து வந்து உமாவின் நெற்றியில் பட்டது. பிறகு சாம்பல் நிறப் பெட்டியிலிருந்து ரப்பர் எரிகிற வாடை. 'டப்' என்று ஒரு சத்தம், பாப்பரின் அடியிலிருந்து ஒரு நூல் புகை, வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது.

"யாரும் தொடாதீங்க" என்று சேகர் பிளக்கைப் பிடுங்கினார். தாரிணி விறுவிறுவென்று கூடத்துக்குப் போய், கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தூக்கிவிட்டாள். விளக்கு எரிந்தது. நான் இன்னும் பின்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலத்தில் மெயின் அங்கேதான் இருந்தது.

சேகர் பாப்பரைக் கவிழ்த்துப் பார்த்தார். "காயில் போயிடுச்சுக்கா. இனிமே இதுக்கு உயிர் இல்ல." சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். தாரிணியும் துடைப்பம் எடுக்கப் போனாள்.

உமா நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தாள். "எதுக்குக்கா இவ்ளோ தூரம் இதைத் தூக்கிட்டு வந்த?"

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஆறு மாசம்னு வந்தா உமா. இப்ப இன்னொரு வருஷம்ங்கறா. அம்மாகிட்ட போடின்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் என்ன அவளைப் பிடிச்சா வெச்சிருக்கேன்?"

"பிடிச்சு வெக்கல. மஞ்சப்பொடி போட்டு வெச்சிருக்க. அவளுக்கும் சேர்த்து ரிட்டர்ன் டிக்கெட் போட்டுட்டேன், தெரிஞ்சுக்கோ."

உமாவின் சிரிப்பு நின்றது. "என் பையன் புனேல யார் வீட்டு அடுப்படில நின்னுட்டு இருக்கானோ, எனக்குத் தெரியாது. நான் என்ன மிக்ஸியத் தூக்கிட்டு ஃப்ளைட் ஏறிப் போய் நிக்கறேனா?"

துடைப்பத்தோடு தாரிணி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். டிக்கெட் விஷயம் காதில் விழுந்திருக்க வேண்டும். சிதறிக் கிடந்த சோள மணிகளைக் கூட்ட ஆரம்பித்தாள்.

உமா கீழ்த் தட்டிலிருந்து குக்கரை எடுத்தாள். கேஸ்கட்டைக் கழற்றினாள். எண்ணெய் ஊற்றினாள். நாங்கள் சின்ன வயதில் சண்டை போட்டபோதெல்லாம் இப்படித்தான், பேசாமல் ஏதாவது வேலையை ஆரம்பித்துவிடுவாள். சோளத்தைப் போட்டு மூடியைக் கவிழ்த்துவிட்டு, "வா, நீ கேளு. உன் வேலைதானே" என்றாள்.

தாரிணி எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

காதைச் சாய்த்தேன். முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு மழைதான். மஞ்சளும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை. உமாவின் கை திருகின்மேல் இருந்தது, கண் என் முகத்தின்மேல் இருந்தது. இருபத்துநாலு வருடம் கழித்து அந்தப் பார்வை எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. சத்தம் குறைந்தது. நடுவில் ஒன்று, இரண்டு எண்ண முடிந்தது. இன்னும் வெடிக்கிறதே என்று நின்றேன். காற்றில் பொரிக்கும்போது கடைசி மணி வெடிக்கும்வரை விடுவோம், சுற்றிக்கொண்டே இருப்பதால் எதுவும் அடியில் தங்காது. பதினாறு வருடம் அப்படித்தான் செய்திருக்கிறேன். கை பழகியது காதுக்கும் பழகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இன்னும் ஒன்று வெடித்தது. காத்திருந்தேன்.

அப்போதுதான் தாரிணியின் கையைப் பார்த்தேன். திருகை நோக்கி ஓர் அங்குலம் வந்தது, நின்றது, பின்னால் போனது. அவள் உமாவைப் பார்த்தாள். உமா மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கருகல் வாடை எனக்கும் எட்டியது.

"அணை" என்றேன்.

உமா அணைத்தாள். மூடியை எடுத்தபோது மேலே இருந்தது மஞ்சளாகவும் கீழே இருந்தது கறுப்பாகவும் இருந்தது. இரண்டு பேருக்கும் முதலிலேயே தெரிந்திருக்கிறது. எனக்காகக் கருகவிட்டிருக்கிறார்கள். அதைவிட, சொல்லாமலே ஒருவருக்கொருவர் புரிந்துகொண்டார்களே, அந்தப் பார்வை. அந்த மாதிரி ஒரு பார்வை என் பெண்ணிடமிருந்து எனக்கு எப்போதாவது கிடைத்திருக்கிறதா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"பரவால்லம்மா" என்றாள் தாரிணி, கறுப்பாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு. "இதுலயும் உப்பு ஒட்டியிருக்கு." கடித்துவிட்டு, தலை நிமிராமல், "நான் வரலம்மா இப்போ" என்றாள்.

"சரி" என்றேன். அவள் கருகியதைத் தின்றுகொண்டிருக்கும்போது வேறென்ன சொல்வது?

விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

6

பாப்பரைச் சேகர் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். மஞ்சள் மூடியில் இருந்த குட்டிக் கிண்ணத்தை மட்டும் உமா எடுத்து வைத்துக்கொண்டாளாம். அரிசி அளக்கச் சரியாக இருக்கிறது என்று வீடியோவில் காட்டினாள். அதற்கு அட்டையும் வேண்டியிருக்கவில்லை, சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை. அரிசி டப்பாவுக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நானும் இங்கே ஒரு குக்கரை ஒதுக்கிவிட்டேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பொரிக்கிறேன், ஏனென்றால் அங்கே அப்போது மாலை ஆறரை. காலைப் பலகாரத்துக்குப் பாப்கார்ன் தின்கிற குடும்பம் இந்தத் தெருவிலேயே நாங்கள்தான். போனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அங்கே அவர்கள் இருவரும் தலையோடு தலை சேர்த்துக் கேட்பார்கள்.

"அணைம்மா!"

"அணைக்கா!"

இரண்டு குரலும் சேர்ந்து வரும். அவ்வளவு தூரத்திலிருந்து வருவதால் ஒரு நொடி, சில நாள் இரண்டு நொடி தாமதம். அதற்குள் அடி லேசாகக் கருகிவிடும்.

உண்மையில் என் காது இரண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. எப்போது அணைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. கை திருகின்மேல்தான் இருக்கிறது. ஆனாலும் அணைப்பதில்லை. "என்னடி, ஒரு வாரம்கூடத் தவறாமக் கருக்கற?" என்று பாலு கேட்கிறார். போனில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கே தெரிகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் எதற்குச் சனிக்கிழமைதோறும் கூப்பிடப்போகிறார்கள்?

போன சனிக்கிழமையும் அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார்கள். நல்லா வந்திருக்கு என்றேன். இணைப்பைத் துண்டிக்க மறந்து தாரிணி போனை எங்கோ வைத்துவிட்டாள். நானும் துண்டிக்கவில்லை. அங்கே குக்கர் மூடி கவிழ்கிற சத்தம் கேட்டது.

"சித்தி, இப்ப நம்மளோடது போடலாமா?"

அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். முதலில் ஒன்று வெடித்தது, பிறகு மூன்று, பிறகு மழை. சத்தம் குறைந்து வந்தபோது, இங்கே அயோவாவில், வெறும் அடுப்பின் முன்னால் நின்று, நானும் மெல்ல "அணை" என்றேன். அதே நேரத்தில் அங்கே தாரிணியும் சொன்னாள். உமா அணைத்தது அவளுக்காகத்தான்.

அவர்களுடையது கருகவே இல்லை.